நசீமா அழித்த என் பதிவு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் கருத்துச் சுதந்திரம் பறிக்கப்பட்டது.

பறித்தது அரசாங்கம் இல்லை. கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்காரர்களும் இல்லை. எங்கள் தெருமுனையில் வளையல், ரிப்பன், நூல்கண்டு விற்கும் நசீமா!

விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஓசூரில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் முளைத்த ஒரு லேஅவுட். ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம், மாடியில் இந்தி. எல்லோரையும் கட்டிப்போட்டிருப்பது ஒரே ஒரு வாட்ஸ்அப் குரூப். ஒகேனக்கல் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எப்போது வரும், கரன்ட் ஏன் போயிற்று, காணாமல் போன பூனை யார் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது — எல்லாம் அதில்தான் வரும்.

அதற்கு அட்மின் நசீமா. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஃபேன்ஸி ஸ்டோர் கல்லாவில் உட்கார்ந்தபடி, ஒரு கையால் ஹேர்பின் பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பாள். இன்னொரு கையால் குரூப்பை நடத்துவாள். வம்பு வந்தால் அழித்துவிடுவாள். ஆனால் அழித்த கையோடு போன் போட்டுக் காரணமும் சொல்லிவிடுவாள். ஒருவரைக்கூட விட்டதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளே ஒருமுறை அழிக்கப்பட்டவள். போன மார்கழியில் கடையின் இணையப் பக்கத்தில் ஒரு விளம்பரம் போட்டாள். "சுத்தமான வெள்ளைப் பவுடர். வழவழன்னு இருக்கும். எவ்வளவு வேணும்னாலும் கிடைக்கும். வீட்டுக்கே டெலிவரி!"

கோலப்பொடியைத்தான் சொன்னாள். அந்தத் தளத்தின் மெஷினுக்கு அது எப்படித் தெரியும்? போதைப்பொருள் விற்பனை என்று சொல்லிப் பக்கத்தை ஒரு வாரம் முடக்கிவிட்டது. நசீமா கடை வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டு, அதைப் படமெடுத்து மேல்முறையீடு செய்தாள். "மறுபடியும் பரிசீலித்தோம். எங்கள் முடிவில் மாற்றமில்லை" என்று பதில் வந்தது. அந்த மார்கழியில் இந்தியாவிலேயே கோலம் போட்டுத் தன்னை நிரூபிக்கப் பார்த்த ஒரே முஸ்லிம் பெண் எங்கள் நசீமாவாகத்தான் இருக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கிருஷ்ணகிரியில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். பள்ளிக்கூட கேட் ஒன்றின் முன்னால் ஒல்லியாக ஓர் ஆள். கையில் ஒரு காகிதம். ஒரு சிறுமியிடம் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறான். கீழே: "இந்த ஆள் ஸ்கூல் வாசல்களில் பிள்ளைகளின் பெயரைக் கேட்டுக்கொண்டு திரிகிறான். பிள்ளை பிடிப்பவன். உஷார்!"

எனக்குப் பகீரென்றது. யோசிக்கவே இல்லை. "பெற்றோர்களே, கவனம்!" என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்து, எங்கள் லேஅவுட் குரூப்பில் போட்டேன்.

நாலே நிமிடம். காணோம்!

அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"அக்கா, நான்தான் அழிச்சேன். கோவிச்சுக்காதீங்க."

"ஏம்மா அழிச்சே? பசங்க விஷயம்மா அது!"

"அந்த ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது. அதனாலதானே உஷாரா இருக்கச் சொல்றோம்?"

"போட்டோ எடுத்தது யாரு?"

"தெரியாது."

"எந்த ஸ்கூலு?"

"...தெரியாது."

"அப்ப என்னதான்க்கா தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாகப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் நான். இணையத்தில் எரிச்சலூட்டும்படி எழுதினாலே ஜெயில் என்று முன்பு ஒரு சட்டப்பிரிவு இருந்ததே... உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த அன்று, இதே பத்தியில் துள்ளிக் குதித்து எழுதியவள். என்னைப் போய் ஒருத்தி அழிப்பதா?

"நசீமா, அரசியல் சட்டத்துல பத்தொன்பதாவது பிரிவு என்ன சொல்லுது, தெரியுமா உனக்கு?"

"சட்டமெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா."

"போன மாசம் குப்பை அள்ளலன்னு கவுன்சிலரை அந்தத் திட்டு திட்டினாங்க. அவரோட ஆளு வந்து கேட்டும் நீ அழிக்கலையே! இதை மட்டும் ஏன் அழிக்கிறே?"

"அவரு நம்ம குரூப்லயே இருக்காருக்கா. வாய் இருக்குது, பதில் போட்டுக்குவாரு. இந்த ஆளுக்கு நாம அவனைப் பத்திப் பேசறதே தெரியாதே..."

இப்போது யோசித்தால், நான் படித்த எந்தச் சட்டப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இதை யாரும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு? போனை வைத்தேன். குரூப்பை விட்டு வெளியேறினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோபத்தில் — சொல்ல வெட்கமாக இருக்கிறது — அந்தப் போட்டோவை என் சொந்த இணையப் பக்கத்தில் போட்டேன். அங்கே யார் அழிப்பார்கள், பார்க்கலாம்!

யாரும் அழிக்கவில்லை. வாசகர்கள் வாரி வாரிப் பகிர்ந்தார்கள். எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

மறுநாள் தண்ணீர் வந்துவிட்டுப் போயிருக்கிறது. எனக்கு யார் சொல்வார்கள்? குரூப்பில்தான் இல்லையே! ஷிப்ட் முடிந்து எண்ணெய்ப் பிசுக்கோடு வந்த கணவர் காலி டிரம்மை எட்டிப் பார்த்தார்.

"பரவால்ல. பத்தொன்பதாவது பிரிவை எடுத்துட்டு வா, அதுல குளிச்சுக்கிறேன்" என்றார்.

வியாழக்கிழமை. கால் எலும்பை உடைத்துக்கொண்ட ஒரு சிநேகிதியைப் பார்க்க சூளகிரிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது மாலை நாலரை மணி. ஹைவே ஓரத்து சர்வீஸ் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்தில் ஒரே கூட்டம். நடுவில் மஞ்சள் நிறப் பள்ளி வேன் ஒன்று. உள்ளே பிள்ளைகள் அழும் சத்தம். ஆக்சிடென்ட்டோ?

எட்டிப் பார்த்தேன்.

வேனின் பக்கவாட்டில் ஓர் ஆளைச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. உதட்டோரம் ரத்தம். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

போட்டோவில் இருந்த அதே ஆள்!

உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. முதலில் என் மனதில் வந்தது என்ன தெரியுமா? 'பார்த்தியா... மாட்டிக்கிட்டான்!' ஒரு கணம் எனக்குப் பெருமையாகவே இருந்தது. நசீமாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் வேன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் கத்துவது காதில் விழுந்தது.

"அங்கிள், அவர் எங்க டிரைவர் அண்ணா! அடிக்காதீங்க! எங்க டிரைவர் அண்ணா அங்கிள்..!"

ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மஞ்ச வேன்தானே இது? ஸ்கூல் வேன் மாதிரி இருக்கே..." என்றேன், பக்கத்தில் நின்றவரிடம்.

"மஞ்ச பெயின்ட் யாரு வேணா அடிக்கலாம்மா. இவன் மூஞ்சி போன்ல வந்துகினே இருக்குது, நீ பாக்கல?"

"போன்ல வர்றதெல்லாம் நிஜமாங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தா பாரு. பேப்பர்ல எழுதற ரைட்டரம்மா, அவங்க பேரோட போட்டிருக்காங்க. படிச்சவங்க. அவங்க பொய்யா போடுவாங்க?"

என் பக்கம். என் பெயர். "பெற்றோர்களே, கவனம்!" மேலே வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தது என் முகம். பத்து வருடத்துக்கு முந்தைய படம் என்பதால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஏதோ ஒரு பஸ் வந்து நின்றது. ஏறிப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குள் யாரோ அந்த மனிதரின் கன்னத்தில் இன்னோர் அறை விட்டார்கள். அவர் திருப்பிக் கையை ஓங்கவே இல்லை. "குழந்தைகளு பயப்படறாங்க... ஒந்து நிமிஷ கேளுங்க..." என்று கன்னடமும் தமிழும் கலந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் முண்டியடித்து உள்ளே போனேன்.

"நிறுத்துங்க! அந்த ரைட்டரம்மா நான்தான்!"

"ஏம்மா, ஓரமா போம்மா..."

"நான்தான் போட்டேன். இவரு யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் போட்டேன். உங்கள்ல யாருக்காவது இவரைத் தெரியுமா?"

சத்தம் கொஞ்சம் அடங்கியது. என் போனைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன். இரண்டு பேர் படத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அவர்கள் கண் முன்னாலேயே என் பதிவை அழித்தேன்.

அப்புறம் வேனின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தின் போன் நம்பர் ஒவ்வொரு எண்ணும் சாண் உயரத்துக்கு எழுதியிருந்தது. அவ்வளவு கூட்டத்தில் ஒருவருக்குக்கூட அதைக் கூப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆமாங்க, எங்க வண்டிதாங்க. பழைய டிரைவருக்கு ஆபரேஷன். திங்கக்கிழமையிலேருந்து இவருதான் வர்றாரு. பசங்க பேரு தெரியாதுன்னு லிஸ்ட் குடுத்து அனுப்பினோம்... ஏங்க, என்னாச்சுங்க?"

லிஸ்ட்! போட்டோவில் அவர் கையில் இருந்த காகிதம் அதுதான். தன் வேனில் ஏற வேண்டிய பிள்ளை எது என்று பெயர் கேட்டுக்கொண்டிருந்தவரைத்தான், பெயர் கேட்கிறான் என்று யாரோ படம் எடுத்திருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! போன் நீட்டிய ஆள், அறைந்த ஆள், யாரையும் காணோம். யாரோ கூப்பிட்டு போலீஸ்காரர் இரண்டு பேர் வந்தபோது, நானும் அவரும் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளும்தான் இருந்தோம்.

"போட்டோவை யாரு பரப்பினது?" என்றார் அவர்களில் மூத்தவர்.

"நானும்தான் சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சவங்கதானேம்மா நீங்க?" பெயர், விலாசம், நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டார். "இவரு கம்ப்ளெயின்ட் குடுத்தா கூப்பிடுவோம். வந்து பதில் சொல்லணும்."

எழுத்துக்காக ஸ்டேஷன் ஏறுவதைப் பற்றி எவ்வளவோ வீரமாக எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு எழுத்துக்காக ஏற வேண்டியிருக்கும் என்று நினைத்ததே இல்லை.

டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், அதெல்லாம் ஆமேலே, அப்புறம் பாக்கலாம். பசங்க வீட்ல காத்துக்கிட்டிருப்பாங்க. லேட்டாயிடுச்சு."

அவர் பெயரை மஞ்சுநாத் என்று வைத்துக்கொள்வோம். ஓசூருக்கு அந்தப் பக்கம், தளி ஊர்க்காரர். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்குப் போட்டீங்க மேடம்?"

அவ்வளவுதான் கேட்டார்.

வேனில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். தலையாட்டினார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். கிராமம் கிராமமாகப் போனோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளையை இறக்கிவிட்டு, வீட்டு ஆள் வந்து கையைப் பிடிக்கும் வரை காத்திருந்தார். தாமதம் ஏன் என்று கேட்டவர்களிடம் "வண்டி ஸ்வல்ப ட்ரபிள்" என்றார். நடந்ததை ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. ஜன்னலில் நின்று கத்திய அந்தப் பெண்தான் கடைசி நிறுத்தம். இறங்கும்போது, "டிரைவர் அண்ணா, நாளைக்கும் வருவீங்களா?" என்றாள்.

"வர்றேன் புட்டி" என்று கன்னடத்தில் பிள்ளையைக் கொஞ்சினார்.

அன்று இரவு ஊர் திரும்பியதும் நேராக நசீமாவின் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. அந்தாளுக்கு அடி பலமாங்களா?" என்றுதான் கேட்டாள்.

அப்புறம் அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவள் கணவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னதாக ஒரு பிரியாணிக் கடை வைத்திருந்தார். சில வருடங்களுக்கு முன், ஊர்ப் பெயரில் நடக்கும் ஏதோ ஒரு இணையப் பக்கத்தில், அந்தக் கடைச் சாப்பாட்டைப் பற்றி அருவருப்பாக ஒரு வீடியோ வந்தது. அந்த வீடியோவில் இருந்தது இவர்கள் கடையே இல்லை. போர்டுகூட வேறு. நசீமா விழுந்தடித்துக்கொண்டு புகார் செய்தாள்.

"என்ன பதில் வந்துச்சு தெரியுமாக்கா? 'எங்கள் விதிகளை மீறவில்லை'ன்னு! ரெண்டு மாசத்துல கடைய மூடிட்டோம். அவரு இப்ப போச்சம்பள்ளில கம்பெனி கேன்டீன்ல சமைக்கிறாரு. அன்னிக்கு யாராச்சும் ஒருத்தர், ஒரே ஒரு குரூப்ல, 'இரு, இது யாரு கடைன்னு கேப்போம்'னு சொல்லியிருந்தா போதும்க்கா... அதுக்குத்தான் நான் அட்மினானேன்."

தளத்தின் மெஷின் கோலப்பொடியைப் போதைப்பொருள் என்று தடுக்கிறது. ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் அள்ளிப் போட்டதைச் சரி என்கிறது. அந்த மெஷினை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய? எங்கள் ஊரின் நாலு மொழியும் அதற்குத் தெரியாது, நசீமாவையும் தெரியாது. அரசாங்கத்தின் கையில் அழிக்கும் பட்டனைக் கொடுத்துவிடலாமா? நிச்சயமாகக் கூடாது. அதில் என் கருத்து கொஞ்சமும் மாறவில்லை. முதலில் அழிவது கவுன்சிலரைத் திட்டியதாகத்தான் இருக்கும். பேசும் உரிமையைக் கொடுத்த அதே பத்தொன்பதாவது பிரிவு, அடுத்த வரியிலேயே நியாயமான கட்டுப்பாடுகள் உண்டு என்கிறது. எது நியாயம் என்று பெரிய கோர்ட்டுகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எழுதட்டும், எழுத வேண்டும். ஆனால் அனுப்பும் பட்டன் மேல் இருந்தது என் விரல். அந்த நேரத்தில் எந்தக் கோர்ட் வந்து பிடிக்கும்?

நசீமா மட்டும் தப்பே செய்ய மாட்டாளா? செய்வாள். அழித்துவிட்டுப் போன் போடுகிறாளே, அது அதற்குத்தான். சண்டை போட ஒரு நம்பர் இருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகப்படுகிறது.

வீட்டுக்கு வந்து, என் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். முந்தைய பதிவைப் பகிர்ந்தவர்களுக்கு ஒவ்வொருவராக அனுப்பினேன். சித்தி மகளையும் கூப்பிட்டுச் சொன்னேன். முதல் படத்தை ஓடி ஓடிப் பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் இதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தளிக்குப் போனேன். நசீமாவும் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தாள்.

ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவில் மஞ்சுநாத்தின் வீடு. வெயிலே தெரியாத குளிர். அவர் மனைவி முதலில் முகம் கொடுக்கவில்லை. கதவை ஒட்டியே நின்றார்.

"நம்ம ஊர்லயே அந்தப் போட்டோ வந்திருக்குதும்மா. இவரைத் தெரிஞ்சவங்களே என்னைக் கூப்பிட்டு, நிஜமான்னு கேக்கறாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அழகாகக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "தப்பு பண்ணிட்டேன்மா" என்பது மட்டும்தான் வந்தது. அந்த அம்மாள் உள்ளே போய் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார். நசீமா அவரோடு கன்னடத்தில் பேச ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் இருவரும் தோட்டத்துக்குப் பூப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மஞ்சுநாத்துக்கு உதட்டுக் காயம் ஆறியிருந்தது. வெள்ளிக்கிழமையே வண்டி எடுத்துவிட்டார். பெற்றோர்கள் நாலைந்து பேர் பள்ளிக்கே போய், இவரையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கம்ப்ளெயின்ட் கொடுக்கப்போவதில்லையா என்று கேட்டேன்.

"அடிச்சவங்க யாருன்னு தெரியாது மேடம். தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். உங்க மேல மட்டும் எப்படிக் குடுக்கறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பரிகாரமாக ஒரு யோசனை வைத்திருந்தேன். வேன் பக்கத்தில், பிள்ளைகளோடு, அவர் சிரிப்பது போல ஒரு நல்ல படம். அதை இந்தப் பத்தியோடு போடலாம். இவர் யார் என்று ஊருக்கே தெரியட்டும்! சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து போனை எடுத்தேன்.

மஞ்சுநாத் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"இன்னொரு போட்டோவா? பேட மேடம்... அதுக்குக் கீழ யாரு என்ன எழுதுவாங்களோ!"

போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இந்த வாரம் பத்தியோடு படம் வராததற்குக் காரணம் அதுதான். படம் போடலாமா என்று முதல் தடவையாக அவரிடமே கேட்டேன், வேண்டாம் என்றார்.